மண் அணைக்குள் ஓர் அடிமரம்

முனியாண்டி துணை

கிள்ளான்
4 செப்டம்பர் 1932

கிராணியாரே,

உசிரோட இருக்கீங்களா, இல்ல ஆபீஸ் பைலு எதுக்குள்ளயாவது வச்சுக் கட்டிட்டாங்களா? தைப்பூசத்துக்குப் பத்துமலையில பாத்தது. எட்டு மாசம் ஆச்சு. பிரிக்பீல்ட்ஸ்லேருந்து கிள்ளானுக்கு இன்னும் ரயிலு ஓடிக்கிட்டுதான் இருக்கு, ஞாபகம் இருக்கட்டும்.

எனக்கு ஆளுங்கள மேய்க்கிற மண்டோர் வேலை போயி, நம்ம மண் அணைக்கே காவக்காரனா போட்டிருக்காங்க. நானே கட்டினது, நானே காவலு. அதென்ன எந்திரிச்சு ஓடிடப் போவுதா?

சாயந்தரம் மேல ஏறி உக்காந்தா பழசெல்லாம் வருது. இருவத்தாறு பெருவெள்ளத்துல பாசார் முழுக்க முங்கிப்போயி, மறுவருசம் முந்நூறு பேரு மண்ணு வெட்டுற சங்கோலும் கூடையுமா வந்து இறங்கினோமே. பால் டின்னுல டீ குடுத்தா நீங்க கைக்குட்டையச் சுத்திப் பிடிச்சு, என்னமோ கவர்னர் வீட்டு விருந்து மாதிரி குடிப்பீங்க. குடைக்குள்ள அட்டைப்பூச்சி இருந்த அன்னிக்கு நீங்க குதிச்ச குதி இருக்கே! எங்க வீட்டு நல்லம்மா சிரிச்ச சிரிப்புல மண்ணுக் கூடையவே போட்டுட்டா. இப்பவும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.

ஒரு சேதி. ஊரு பக்கத்துச் சரிவுல, அடியில, ஒரு பாய் அகலத்துக்கு எப்பவும் ஈரமா இருக்கு. அங்க மட்டும் புல்லு பச்சைப்பசேல்னு நிக்கிது. ஆடுங்களுக்குக் கொண்டாட்டம். எனக்குத்தான் என்னமோ சரியாப் படல. நீங்க என்ன சொல்றீங்க?

ரெங்கசாமி


சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்
11 செப்டம்பர் 1932

அன்பின் மண்டோர் ரெங்கசாமிக்கு,

உமது கடிதம் கண்டு மகிழ்ந்தேன். அட்டைக் கதையை என் வீட்டாரும் வாசித்துவிட்டார்கள். இனி எனக்கு இங்கேயும் மரியாதை இல்லை. மகள் குணேஸ்வரிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. வரும் சனவரியோடு எனக்கு உத்தியோகம் முடிகிறது. பிறகு பேத்தியைத் தூக்கிக்கொண்டு அணையைப் பார்க்க வருவேன்.

அந்த ஈரத்தைக் கவனியும். ஊறும் நீர் தெளிவாக இருந்தால் பயமில்லை. எந்த மண் அணையிலும் சிறிது ஊறும். கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். ஆனால் அதற்கு நியாயமில்லை. அணை எழும்பிய நிலத்தில் இருந்த அடிமரங்கள் யாவும் வேரோடு தோண்டி எடுக்கப்பட்டன என்று நானே புத்தகத்தில் கையொப்பம் இட்டிருக்கிறேன் அல்லவா? வீணாகக் கவலைப்பட வேண்டாம்.

நல்லம்மாளை விசாரித்ததாகச் சொல்லும்.

உமது நண்பன்,
மு. கார்த்திகேசு


முனியாண்டி துணை

கிள்ளான்
9 அக்டோபர் 1932

கிராணியாரே,

பேத்திக்கு என் ஆசீர்வாதம். மூக்கு மட்டும் உங்க மாதிரி வராம இருக்கணும்னு வேண்டிக்கிறேன்.

தண்ணி கலங்கலா வருது. மூணு நாளா பாக்குறேன். டீத்தண்ணி நெறம்.

இப்ப ஒண்ணு சொல்றேன், திட்டாம படிங்க. அந்த எடத்துல ஒரு பெரிய ஆலமரம் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா? அத வெட்டத்தான் செஞ்சோம். அடிமரத்தத் தோண்டல. மண்ணு வெட்டுற அய்யாவு, அவன் கூட்டாளிங்க எல்லாம் சங்கோலக் கீழ போட்டுட்டாங்க. ‘மரத்த வெட்டினா முனியாண்டி பொறுத்துக்குவாரு, வேருலதான் அவரு உக்காந்திருக்காரு, அதுல கை வைக்க மாட்டோம்’னுட்டாங்க. எனக்கும் பயந்தான். சேவலறுத்து, தேங்கா ஒடச்சு, சூடம் காட்டி, மரியாதையா மண்ணப் போட்டு மூடினோம். அடியில அவரு இருந்தா அணைக்கும் ஒரு காவலுன்னு நெனச்சேன்.

மறுநாளு நீங்க வந்து, ‘எல்லாம் தோண்டியாச்சா மண்டோர்?’னு கேட்டீங்க. ஆச்சுன்னேன். நீங்க நம்பிக் கையெழுத்துப் போட்டீங்க. இத்தன வருசமா உங்களக் கேலி பண்ணிக்கிட்டுத் திரிஞ்சேனே, அதுல பாதி இத மறைக்கத்தான்.

அந்தக் கட்டை இப்ப உள்ள மக்கிப்போச்சு. தண்ணி அது வழியா வருது. துரைகிட்டச் சொல்லி வெட்டி எடுக்கணும். உங்க கையெழுத்து இருக்கறதால உங்களக் கேக்குறேன். சரின்னு ஒரு வரி எழுதுங்க.

ரெங்கசாமி


பிரிக்பீல்ட்ஸ்
14 அக்டோபர் 1932

ரெங்கசாமி,

உமது கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இதையும் வாசித்தவுடன் கிழித்துவிடும்.

பொய்க் கையொப்பம் என்று தெரிந்தால் என்னை இறக்கிவிடுவார்கள். முப்பத்தொரு வருட உத்தியோகம். பென்சன் இல்லை, இருக்கும் வீடும் உத்தியோகக் கந்தோருடையது. சனவரிக்கு மூன்று மாதந்தான் இருக்கிறது. அதுவரை களிமண் கொண்டு அடைத்துப் பாரும். அதற்குப் பிறகு நீர் யாரிடம் எதைச் சொன்னாலும் எனக்கு வழக்கில்லை.

இது பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

மு. கா.


முனியாண்டி துணை

கிள்ளான்
30 அக்டோபர் 1932

கிராணியாரே,

எழுதாதேன்னீங்க. நான் எப்ப உங்க பேச்சக் கேட்டிருக்கேன்?

களிமண்ணு வச்சோம். நானும் அந்த அய்யாவுப் பயலுமா பன்னெண்டு கூடை. ராவு மழைக்கு எல்லாம் வெளிய தள்ளிடுச்சு. இப்ப என் கை முழங்கை வரைக்கும் உள்ள போவுது.

அணைக்குக் கீழ நாப்பத்தோரு வீடு இருக்கு கிராணியாரே. நாம கட்டறப்ப ஒண்ணும் கெடையாது. அணை இருக்குன்னு நம்பித்தான் வந்து குடியேறினாங்க. மொத வீட்டுல சீதாலெட்சுமின்னு ஒரு பொம்பள தோசை சுட்டு விக்கிது. ‘தாத்தா, உங்க அணை என் வாசல்ல ஒழுகுது, ஓலை மாத்துங்க’ன்னு கிண்டல் பண்ணுது. என்னையே! நானும் பதிலுக்கு அதோட சாம்பாரப் பத்திச் சொன்னேன். ஆனா சிரிப்பு வரல.

நவம்பர் மழை சனவரிக்குக் காத்திருக்காது. வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்பேன். அப்பறம் துரைகிட்டப் போயிடுவேன். கிராணிய நாந்தான் ஏமாத்தினேன், அவரு மேல தப்பில்லன்னு சத்தியம் பண்ணுவேன். நம்புவாங்களோ மாட்டாங்களோ தெரியல. என்ன மன்னிக்க வேணாம். நாலு வார்த்த திட்டி எழுதுங்க, போதும்.

ரெங்கசாமி


சிவமயம்

பிரிக்பீல்ட்ஸ்
3 நவம்பர் 1932

அன்பின் ரெங்கசாமிக்கு,

நாளை நீர் துரையிடம் போக வேண்டியதில்லை. இன்று காலை நானே போய்ச் சொல்லிவிட்டேன். ஆட்கள் நாளை மறுநாள் அங்கே வருவார்கள்.

நீர் என்னை ஏமாற்றவில்லை. அன்று நான் வந்தபோது மண்ணுக்கு மேலே ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் தேங்காய் ஓடும் சேவல் இறகும் கிடந்தன. எனக்கு எல்லாம் விளங்கியது. அந்த மாதம் குணேஸ்வரி நெருப்புக் காய்ச்சலில் கிடந்தாள். அந்தத் தெய்வத்தை நான் ஏன் எழுப்ப வேண்டும் என்று பயந்தேன். குடை நுனியால் மண்ணைத் தள்ளி வேரை மூடிவிட்டுத்தான் உம்மிடம் கேட்டேன். நீர் ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும் என்பதற்காகவே கேட்டேன்.

இதையும் துரையிடம் சொன்னேன். உடனே வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். பதினைந்தாம் திகதிக் கப்பலில் யாழ்ப்பாணம் போகிறோம். துறைமுகத்துக்கு நீர் வர வேண்டாம். ஐந்து வருடம் உம்மையே குற்றவாளியாக நினைக்கவிட்டேன். சென்ற மாதம்கூட அப்படியே விட்டேன். உம்முடைய முகத்தைப் பார்த்துப் பேச என்னால் இயலாது.

மு. கார்த்திகேசு


முனியாண்டி துணை

கிள்ளான்
18 டிசம்பர் 1932

கிராணியாரே,

வராதேன்னீங்க, வரல. மொத தடவையா உங்க பேச்சக் கேட்டேன், அதுக்கே மனசு கெடந்து அடிச்சுக்கிது. உங்க விலாசத்த ஆபீஸ்ல கெஞ்சி வாங்கினேன்.

அணைய வெட்டினாங்க. கட்டை தெரிஞ்சதும் பழைய கதைதான், ஒருத்தனும் இறங்கல. நானே இறங்கினேன். ‘ஐயா, கீழ நாப்பத்தோரு வீட்டுல புள்ளகுட்டிங்க இருக்கு. கொஞ்சம் எந்திரிச்சு அந்த மேட்டுல உக்காருங்க’ன்னு கும்பிட்டுட்டு மொத வெட்டு நான் வெட்டினேன். அப்பறம் எல்லாரும் வந்துட்டாங்க. உள்ள ஒரு ஆளு குந்தி உக்காரலாம், அவ்வளவு பொந்து. மேட்டுல கல்லு நட்டுப் பொங்க வச்சோம். இதத்தான் அன்னிக்கே செஞ்சிருக்கணும். நம்ம ரெண்டு பேருக்கும் தோணல பாருங்க.

போன வாரம் அடைமழ. தண்ணி மேல்மட்டத்துக்கு ஒரு சாண் கொறைய வந்து நின்னுச்சு. சொட்டு ஒழுகல. சீதாலெட்சுமி காலையில எப்பவும்போல தோசை சுட்டுச்சு.

உங்க எடத்துக்கு ஜெயராஜ்னு ஒரு கிராணி வந்திருக்காரு. வேட்டி சட்டையெல்லாம் வெள்ளவெளேர்னு. குழிய மூடறதுக்கு முந்தி, மேல நின்னுக்கிட்டே, ‘எல்லாம் எடுத்தாச்சா?’ன்னு கேட்டாரு. ‘இறங்கி வந்து கையால தடவிப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சாமி’ன்னேன். மொறச்சாரு. நான் நகரல. கடைசியில இறங்கினாரு, முழங்கால் வரைக்கும் சேறு. நாலு மூலையும் தடவிப் பாத்துட்டு மேல ஏறினவரு, கையத் தொடச்சுக்கிட்டே, ‘இதுக்கு முன்னாடி இருந்த கிராணியும் இப்படித்தான் இறங்குவாரா?’ன்னு கேட்டாரு.

ஆமான்னு சொல்லிட்டேன்.

ரெங்கசாமி