வெளிச்சம் சிமிட்டாத வன்தட்டு

காலையில் அலுமாரியை ஒதுக்கும்போது அந்தப் பிஸ்கற் பேணி கையில் தட்டுப்பட்டது. மூடியைத் திறந்தேன். துருவும் ஈரமண்ணும் கலந்த பங்கர் குழியின் மணம் இன்னும் போகவில்லை. உள்ளே நீர் தந்த வன்தட்டு. உம்மைப் பற்றி நல்லதாக நாலு வரி எழுதித் தரும்படி எங்களோடு வேலை செய்த பழைய ஆட்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத மாட்டேன். உமக்குத்தான் எழுதுகிறேன், அதுவும் நல்லதாக இல்லை.

கிளிநொச்சியில் நாம் செய்தது சின்ன வேலை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பத்திரங்களைத் தொலைத்த சனம் மிச்சமிருந்த பிறப்புச் சான்றிதழையும் அரசு தந்த காணிப் பேர்மிற்றையும் கொண்டுவரும். நான் ஸ்கான் செய்வேன். கணினி உமது பொறுப்பு. அந்த லினக்ஸ் கணினியில் வன்தட்டைச் செருகினால் மட்டும் போதாது, ஒரு கோப்புறையோடு இணைக்கவும் வேண்டும். யாராவது பென் டிரைவ் ஒன்றை முந்திச் செருகியிருந்தால் அன்றைக்கு வன்தட்டு வேறு பெயரில் வரும். நான் பெயரைத் தேடி, இணைத்து, அதன் வெளிச்சம் சிமிட்டுவதைக் கண்ட பிறகே நகல் எடுப்பேன்.

உமக்கு அது எரிச்சல். எந்தத் துளையில் செருகியிருந்தாலும், கணினி எழும்பும்போதே வன்தட்டு தானாக 'காப்பு' என்ற கோப்புறையில் வந்து நிற்கும்படி ஒரு வரி எழுதினீர். நாலு மணிக்கு நகலும் தானாக ஓடியது. கெட்டித்தனம்தான், இல்லையென்று சொல்லவில்லை. அன்று எல்லோருக்கும் தேத்தண்ணி வாங்கித் தந்தீர்.

பிறகு குண்டு போட விமானங்கள் வரத் தொடங்கின. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்ததும் வன்தட்டைப் பேணியில் வைத்துப் பங்கருக்குள் இறக்கினோம். ஜெனரேற்றர் தொடங்கும்போது மின்சாரம் துள்ளி வன்தட்டு எரிந்துவிடும், கணினி எழும்பிய பிறகே செருக வேண்டும் என்று சட்டம் போட்டதும் நீர்தான். எழும்பும்போது மட்டும் இணைக்கும்படி எழுதி வைத்ததும் நீர்தான்; பிறகு செருகினால் அது தானாக இணையாது. இரண்டையும் சேர்த்து யோசிக்க உமக்கு நேரம் இருக்கவில்லை.

"வெளிச்சம் சிமிட்டேல்லை, ஒருக்காப் பாரும்" என்றேன்.

நீர் திரும்பக்கூட இல்லை. "வெளிச்சம் பாத்து வேலை செய்யிறதெண்டால் மனிசரே போதும், மெஷின் என்னத்துக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கம் கெட்டு நானும் சிரித்தேன். அதன்பிறகு நான் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது கணினியைத் தூக்க வழியில்லை. விசுவமடுவில் பேணியை என்னிடம் தந்து, "எல்லாம் இதுக்குள்ள இருக்கு, கவனம்" என்றீர். ஒரு கிழமையில் ஷெல் பட்டு நீர் போய்விட்டீர். என் உடுப்புப் பையை எறிந்துவிட்டு, அந்தப் பேணியோடு ஓமந்தைச் சோதனைச்சாவடியைக் கடந்தேன்.

வவுனியாவில் ஒரு கணினி கிடைத்தபோது திறந்து பார்த்தேன். நகல் வைகாசியோடு நின்றிருந்தது. அதற்குப் பிறகு ஸ்கான் செய்த அத்தனையும், வன்தட்டு வந்து சேராத வெறும் 'காப்பு' கோப்புறைக்குள், நாம் கைவிட்டு வந்த கணினிக்குள்ளேயே விழுந்திருக்கிறது.

வட்டக்கச்சியில் வயல் செய்த புனிதம் அக்கா அகதி முகாமில் என்னைத் தேடி வந்தார். ஆடியில் பேர்மிற்றை ஸ்கான் செய்யக் கொண்டுவந்தவர். "உங்களிட்டை நகல் இருக்கெண்ட துணிவிலதான் அதைப் பையோட விட்டிட்டு வந்தனான், தங்கச்சி" என்றார். இல்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் உம்மைத் திட்டவில்லை. அந்தப் பிள்ளையும் போய்விட்டதே என்று உமக்காக அழுதார். எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை அடங்கவில்லை. சண்டை பிடிக்கக்கூட ஆளில்லாமல் செய்துவிட்டீர்.

இப்போது நகல் எடுக்க முன்னர் வெளிச்சத்தைப் பார்க்கிறேன். எடுத்த பின்னர் வன்தட்டைக் கழற்றி, வேறு கணினியில் செருகி, கடைசிப் பத்திரத்தைத் திறந்தும் பார்க்கிறேன். அலுவலகத்தில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், நான் அவர்களோடு சேர்ந்து சிரிப்பதில்லை.

உமது வன்தட்டில் இன்னும் நிறைய இடம் கிடக்கிறது. நான் அதில் ஒன்றும் பதிவதில்லை. அது புனிதம் அக்காவின் பேர்மிற் இருக்க வேண்டிய இடம்.