மண்டபம் இல்லாத வகுப்பு

மே 10, ஞாயிறு
வெயில் கொளுத்துகிறது. குக்கர் கேஸ்கட் வாங்க இன்றும் மறந்தாயிற்று.
நெசவாளர் சங்க மண்டபத்தில் நடக்கும் கோடை வகுப்புக்கு, மனிதர்கள் நடந்து வந்த வழியின் வரைபடம் முடிந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாக ஒரு கோடு. ஈரான் பக்கத்திலிருந்து ஒன்று. வடக்கே புல்வெளிகளிலிருந்து, பிற்பாடு, இன்னொன்று. அதிலேயே ஒரு கிளை ஐரோப்பாவுக்கு. மூன்றும் நமக்குள், கூடக்குறைய. மரபணு நான் சொல்வது, தோண்டியெடுத்த கல், எலும்பு எல்லாம் ஸ்டெல்லா. பள்ளியில் நான் விலங்கியல், அவள் வரலாறு. மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான்.

மே 13, புதன்
அண்ணன் வந்தார். நெசவாளர் சங்கச் செயலாளராக வந்தார், காபியைத் தொடவில்லை.
"நாம ஆதியிலருந்து இங்கதான், கலப்பே இல்லன்னு சொல்லும்மா. ஆப்பிரிக்கா, ஈரான்னு பேசிக்கினு இருந்தா ஜனங்க சும்மா இருப்பாங்களா?"
"ஆதியில இங்க யாருண்ணா இருந்தா? எல்லாரும் நடந்து வந்தவங்கதான்."
ஃபேனைப் பார்த்தார். "சரி, என்னமோ பேசு. அந்த ஸ்டெல்லா டீச்சர் வேணாம். காலனி ஆளுங்கள மண்டபத்து மேடையில ஏத்தினது இல்ல."
விஷயம் இதுதான். ஆப்பிரிக்கா சாக்கு.
"அவ வரலன்னா நானும் வரல."
"அப்ப மண்டபமும் இல்ல."
போய்விட்டார். பாத்திரம் தேய்த்தேன், சுத்தமாக இருந்ததையும் சேர்த்து.

மே 14, வியாழன்
ஸ்டெல்லாவிடம் மறைக்கவில்லை. சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை.
"அந்த மண்டபத்துக்கு எங்கப்பாதான் சுண்ணாம்பு அடிச்சாரு. அடிச்சு முடிச்சதும் வெளிய."
அவளைவிட எனக்குத்தான் கோபம். அவளுக்குப் பழகிவிட்டது. அது இன்னும் கோபம்.
தெருவில் நடத்தலாம் என்றேன். நெசவாளர்கள் விடியலில் பாவு நூலை நீட்டுகிற தெரு, காலையிலேயே காலியாகிவிடும். நல்ல நீளம். யார் பூட்ட முடியும்?
"உன் அண்ணன் வீடு அங்கதான இருக்குது?"
"இருக்கட்டும்."

மே 17, ஞாயிறு
பாவைச் சுருட்டிக்கொண்டு போனதும் கலர் சாக்பீஸோடு இறங்கினோம். பிள்ளையார் கோவில் முனையில் ஆப்பிரிக்கா. மறுமுனையில் காஞ்சிபுரம். புல்வெளிக்காரர்கள் பக்கத்துச் சந்திலிருந்து வந்து சேர்ந்தார்கள். பிள்ளைகள் கோட்டின் மேலேயே நடந்தார்கள். முட்டி வலி. தொண்டை போயிற்று.
ஸ்டெல்லா களிமண்ணில் செய்த கைக்கோடரியைக் காட்டினாள். "இந்த மாதிரி கல்லுல செஞ்சவங்க நம்ம இனமே இல்ல, வேற மனுஷ வகை. நாம வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இங்க இருந்தாங்க."
ஒரு சிறுமி: "எல்லாரும் கலந்துட்டாங்கன்னா, அப்புறம் ஏன் மிஸ் தனித்தனியா இருக்குறோம்?"
"கதவ சாத்திக்கினாங்க" என்றாள் ஸ்டெல்லா.
"எப்ப?"
"நடந்து வந்த காலத்தோட பாத்தா, நேத்து."
தறியை நிறுத்திவிட்டு வாசலில் நின்றவர்கள் உள்ளே போகவில்லை. அண்ணன் வீட்டு ஜன்னல் மட்டும் சாத்தியிருந்தது.

மே 18, திங்கள்
காலையில் அண்ணன் போன். "என் வாசல்ல கிறுக்கினத வந்து அழி."
"அழிக்க மாட்டேண்ணா."
வைத்துவிட்டார்.
மாலை ஸ்டெல்லாவோடு போனேன். அவரே கழுவியிருக்கிறார், தன் வாசல் அகலத்துக்கு மட்டும். இந்தப் பக்கம் மூன்று கோடும் இருக்கின்றன, அந்தப் பக்கமும். நடுவில் ஈரம்.
ஸ்டெல்லா நின்று பார்த்தாள். "மல்லிகா, உன் அண்ணன் மட்டும் ஆகாசத்துலருந்து குதிச்சாராமா?"
பையில் சாக்பீஸ் இருந்தது. அறுந்த கோட்டைச் சேர்க்க முட்டி போட்டு உட்கார்ந்தேன். அண்ணன் வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் விலகும் சத்தம். நிமிரவில்லை.