அப்பாவின் கம்பளி

20 டிசம்பர் 1943, திங்கள்

கிறிஸ்துமஸ் நாடகத்தில் தங்கை லூர்து இடையனாக வருகிறாள். தலையை மூடும் அங்கி வேண்டும். கடையில் துணி கிடைக்கவில்லை. மழைக்குச் சாக்கை மடித்துப் போடும் கொங்காணிபோல் அப்பாவின் கம்பளியை மடித்து, ஓரத்தை மட்டும் தைத்தேன். அவர் மலாயாவிலிருந்து வந்தால் பிரித்துவிடலாம் என்று தையலை எட்ட எட்டப் போட்டேன். லூர்து போட்டுப் பார்த்தபோது தரையில் இழுபட்டது.

"தடுக்கி விழுவா. வெட்டிருடி" என்றாள் அம்மா.

"அப்பா வந்து கேட்டா?"

அம்மா கத்தரியை வாங்கி, தானே வெட்டினாள். யுத்தத்தில் அப்பாவின் கடிதம் நின்ற பிறகும் வாராவாரம் கம்பளியை வெயிலில் காயப்போட்டு, "ஒங்கப்பா வந்தாப் போத்திக்கிருவாக" என்று சொன்னவள் அவள்தான்.

வெட்டிய துண்டு இப்போது அடுப்படியில் பிடிதுணியாகக் கிடக்கிறது. என்ன செய்தி வந்தது என்று அம்மாவிடம் கேட்கப் பயமாக இருக்கிறது. அவள் இன்னும் தூங்கவில்லை.