பதினாறு வகையில் நான் எந்த வகை, சவரி?

என் பிரியத்துக்குரிய சவரிமுத்து மச்சானுக்கு,

நீ இருக்கும் இடத்திலும் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நேரே கறிக்கடைக்குத்தான் போகிறாயா? இங்கே அரியலூரில் எல்லாம் அப்படியே இருக்கிறது. நீ போனாய், பின்னாலேயே என் வேலையும் போனது. இரண்டும் ஒரே வருஷத்தில் நடக்கவேண்டுமா?

சிமெண்ட் ஆலையில் நாம் சேர்ந்து நின்ற பேக்கிங் பிரிவுக்குப் புது மெஷின் வந்துவிட்டது. மூட்டையை அதுவே நிரப்பி, அதுவே லாரியில் அடுக்குகிறது. ஒப்பந்த ஆட்களை எல்லாம் கூப்பிட்டு, நாளை முதல் வரவேண்டாம் என்றார்கள். நீ இருந்திருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பாய். நான் ஹெல்மெட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெரம்பலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், வேலை போனவர்களுக்கு வழிகாட்டும் முகாம் நடத்தினார்கள். உலகத்து மனிதர்களை எல்லாம் பதினாறு வகைக்குள் அடக்கிவிடலாமாம். நாம் எந்த வகை என்று தெரிந்தால், எந்த வேலைக்குப் போகலாம் என்பதும் தெரிந்துவிடுமாம். மூட்டையில் கிரேடு அச்சடிப்போமே, அது மாதிரி. நீயாக இருந்தால் அதைச் சொன்ன மேடத்தின் முகத்துக்கு நேராகவே சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை மச்சான். இந்த வயதில், நான் யாரென்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது.

கேள்விகள் போனில் வந்தன. எல்லாம் இங்கிலீஷ். காலேஜில் படிக்கிற பெண் வீட்டில் இருக்கும்போது என்ன கவலை என்று கயலிடம் கொடுத்தேன். அவள் தமிழில் சொல்லவேண்டும், நான் பதில் சொல்லவேண்டும். புது ஆட்களிடம் நீங்களாகவே போய்ப் பேசுவீர்களா என்பது முதல் கேள்வி. நான் யோசிப்பதற்குள் அவளே பதிலைத் தட்டிவிட்டாள்.

"இதுக்கு எதுக்குப்பா யோசன? சவரி மாமா வந்தா நீங்க பேசுறது தெருமுனை வரைக்கும் கேக்குமே."

அப்புறம் எல்லாக் கேள்விக்கும் அவளே பதில். கலகலப்பா? ஆமாம். கூட்டம் பிடிக்குமா? ரொம்ப. அவள் மேல் தப்பில்லை. மற்ற நாளெல்லாம் அவள் பார்த்தது, ஷிப்டு முடிந்து வந்து அடித்துப்போட்டாற்போல் தூங்கும் அப்பாவை. ஞாயிற்றுக்கிழமை நீ வருவாய். நான் பேசுவேன், சிரிப்பேன், வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போய்க் கடைசி பஸ்ஸை விட்ட கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். அவளுக்குத் தெரிந்த அப்பா அவன்தான். அவன் உன்னோடு போய்விட்டான் என்று பெற்ற பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? அவள் தட்டியதற்கெல்லாம் தலையாட்டினேன்.

எல்லோரையும் பேச்சால் இழுக்கிற வகை நான் என்று முடிவு வந்தது. அதை நம்பி முகாம்காரர்கள் என்னைப் பெரம்பலூரில் ஒரு டூவீலர் ஷோரூமில் விற்பனைக்குச் சேர்த்துவிட்டார்கள்.

தினமும் பஸ் ஏறிப் போகிறேன். இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. போன வாரம் ஆண்டிமடத்திலிருந்து ஒரு குடும்பம், முந்திரிக்காட்டுக்காரர்கள், மகளுக்கு ஸ்கூட்டர் பார்க்க வந்தார்கள். "வாங்க" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளத்துக்கொண்டிருந்த வண்டியைத் துடைத்தபடி நின்றேன். அவர்கள் கொஞ்ச நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள்.

மேனேஜர் என்னைவிட இளையவர், மரியாதை தெரிந்தவர். தனியாகக் கூப்பிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. நல்லாப் பேசுவீங்கன்னு அதுல போட்டிருந்துச்சு, அதப் பாத்துதான் எடுத்தோம். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாப்போம்ங்க."

வீட்டில் இதைச் சொல்லவில்லை. உன் தங்கச்சி அமுதா, எனக்கு வேலை கிடைத்ததற்காக ஏலாக்குறிச்சி மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, அப்படியே உன் கல்லறையிலும் பூ வைத்துவிட்டு வந்தாள். அவளிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்?

முந்தாநாள் கயல்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள். "வேல புடிக்கலையாப்பா? இன்னொரு தடவ எழுதிப் பாப்போம். இந்தத் தடவ நீங்களே சொல்லுங்க."

சொன்னேன். கூட்டம் என்றால் களைப்பு. புது ஆட்கள் என்றால் பயம். அவள் விரல் வேகம் குறைந்துகொண்டே வந்தது.

"மனசுல உள்ளத யார்கிட்டயாச்சும் சொல்லுவீங்களா?"

"சொல்லிக்கிட்டு இருந்தேன்."

அடுத்த கேள்விக்கு அவள் போகவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள். "மாமா போனதுலேர்ந்தே இப்படித்தான் இருக்கீங்களாப்பா? நான் கவனிக்கவே இல்லையே" என்று அழத் தொடங்கிவிட்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

கேள்விகள் பாதியில் நிற்கின்றன. முடித்திருந்தால் மட்டும் என்ன வந்திருக்கும்? இந்த வேலை தங்காது. இது போனால் வேறு யார் என்னை எடுப்பார்கள், எதுவும் புரியவில்லை. கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறேன் மச்சான். நீ இல்லாமல் எனக்கு எதுவுமே ஓடவில்லை.

ஷோரூமில் வாயைத் திறப்பேன் என்று உனக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. ஒன்று மட்டும் செய்கிறேன். நாளைக்குக் கயலுக்கு லீவு. அவளை எதிரே உட்காரவைத்து, மாசக் கடைசியில் அப்பாவுக்கு வேலை இருக்காதும்மா, அப்பாவுக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிடுவேன். உன்னிடம் அல்லாமல் இன்னொருவரிடம் என் பயத்தை நான் சொல்வது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

என்றும் உன் மாப்ள,
நடராசன்