கொத்தளம் வாங்கிய கதையும் என் மீசையும்

27.9.2015, ஞாயிறு

மச்சான் சிவப்பிரகாசம் சாப்பிட வந்திருந்தான். பேச்சு ‘கொத்தளம்’ பக்கம் போனது. படை திரட்டிக் கோட்டை பிடிக்கிற பழைய கம்ப்யூட்டர் ஆட்டம். 2001-ல் என் மனைவி மணிமொழி ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தபோது அங்கே உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் பதினாறு கோட்டைகளைப் பிடித்தவன் நான். வேடிக்கை பார்க்க டவுன்ஷிப்பின் நாலு பிளாக் ஜனம் கூடி, பஸ் நின்றுபோனது. இதைச் சொன்னேன். மணிமொழி குழம்புக் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தாள்.

“அப்ப ஆயுதபூஜை அன்னிக்கு கிளப்புல வச்சு ஆடுவமா மாமா? தோத்தவங்க மீசைய எடுத்துடணும்.”

“எடுத்துடலாம்டா.”

முப்பது வருஷத்து மீசை. இதைப் பார்த்துத்தான் எனக்குச் சுரங்க ஸ்டோர்ஸில் வேலையே கொடுத்தார்கள்.

சென்டர் இப்போது இல்லை. ஆட்டம் இருந்த சிடியும் இல்லை. ஆட்டத்தை வாங்க வேண்டும்.

28.9

இன்டர்நெட்டில் இரண்டு கடைகளில் கிடைக்கிறது. மணிமொழி லேப்டாப்பில் காட்டினாள். பெரிய கடையில் வாங்கினால், ஒவ்வொரு முறையும் நெட் வழியாகக் கடைக்காரன் சரி என்றால்தான் ஆட்டம் திறக்கும். சின்னக் கடைக்காரன் ஒரேயடியாகக் கொடுத்துவிடுவான். அப்புறம் கேள்வியே கிடையாது.

“பெரிய கடை கான்ட்ராக்ட்டு ஆளு மாதிரிங்க, டெய்லி கேட்டுல பாஸ் காட்டணும். சின்னது பர்மனென்ட்டு. அதுலயே வாங்கிடுங்க.”

ஸ்டோர்ஸ்காரனுக்கு அப்படி வாங்கத் தெரியாது. மூன்று கொட்டேஷன், ஒட்டிய கவர், கமிட்டி. என் கை படாமல் சுரங்கத்துக்குள் ஒரு போல்ட் போனதில்லை. கமிட்டி அமைத்தேன். தலைவர் நான், உறுப்பினர் மணிமொழி.

“ஒரு கேமு வாங்க டெண்டரா? இன்னாங்க இது.”

உறுப்பினரின் ஆட்சேபம் பதிவு செய்யப்பட்டது.

30.9

குறைந்தபட்ச விலையை ஒட்டிய கவரில் அனுப்பும்படி இரண்டு கடைக்கும் இ-மெயில் போட்டாயிற்று. பெரிய கடையிலிருந்து ஒரே நிமிஷத்தில் பதில்: உங்கள் கடிதம் கிடைத்தது, எண் 448210. ஃபைல் நம்பரே போட்டுவிட்டான். மரியாதை தெரிந்தவன்.

2.10

சின்னக் கடைக்காரன் எழுதியிருக்கிறான்: விலைதான் எல்லோரும் பார்க்கப் போட்டிருக்கிறதே, உங்களுக்கு என்ன வேண்டும்? கவரை ஊருக்கே திறந்து காட்டியவன். தகுதி நீக்கம்.

4.10, ஞாயிறு

இரண்டு கடையிலும் விலை கால்வாசியாகக் குறைந்திருக்கிறது. இன்றோடு முடிகிறதாம். மணிமொழி இரண்டு தடவை சொன்னாள். பேரம் பேசுவதற்கு முன்பே விலையை இறக்குகிறவனிடம் ஏதோ கோளாறு இருக்கிறது. நாளைக்கு ஆடிட்டில் கேட்டால் யார் பதில் சொல்வது? மறுத்துவிட்டேன்.

9.10

மூன்றாவது கொட்டேஷனுக்காக மெயின் பஜாரில் செல்போன் கடை வைத்திருக்கும் அப்துல் கபாரிடம் போனேன். கையில் கிடைத்த கல்யாணப் பத்திரிகைக் கவரில் போட்டுக் கொடுத்தார். பிரித்தேன். ‘அவங்க சொல்றதுல பத்து ரூபா கம்மி.’

இதைவிடக் குறைந்த விலை உலகத்தில் கிடையாது. விதிப்படி அவருக்கே ஆர்டர்.

14.10

சரக்கு வந்தது. ஒரு மெமரி கார்டு. திறந்தால் கேரம் போர்டு. அப்துல் கபாரிடம் போய்க் கேட்டேன்.

“அண்ணே, நான் கேமே விக்கறதில்லண்ணே. கவர் குடுத்தாதான் ஆச்சுன்னு கடை வாசல்ல நின்னுகினு இருந்தீங்க. கையில இருந்தத போட்டுக் குடுத்தேன்.”

பரவாயில்லை. ராஜ தந்திரம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். ராணியைப் பிடிப்பவன் கோட்டையைப் பிடிக்க மாட்டானா?

17.10

கேரமில் கம்ப்யூட்டரிடம் ஒன்பது முறை தோல்வி. கம்ப்யூட்டர் அழுகுணி ஆட்டம் ஆடுகிறது.

20.10

நாளைக்கு ஆயுதபூஜை. யார் கேட்டாங்க என்னை? பதினாறு கோட்டையாம். ரெண்டுன்னு சொல்லித் தொலைச்சிருந்தா போதாதா? இனிமேல் வாங்கித்தான் என்ன – எந்தப் பொத்தானை அமுக்கினால் குதிரை ஓடும் என்றுகூடத் தெரியாது. மீசையை இரண்டு முறை சீவினேன்.

21.10, ஆயுதபூஜை

கிளப்பில் நானூறு பேர். (நாற்பது.) பொரி, சுண்டல், எல்லா மெஷினுக்கும் பொட்டு.

மச்சான் பெரிய கடையில் வாங்கியிருந்தான். கிளப்பில் நெட் எடுக்கவில்லை. அவனுடைய லேப்டாப் பாஸ் இல்லாத ஆள் மாதிரி வாசலிலேயே நின்றது. மணிமொழி தன் லேப்டாப்பைப் பையிலிருந்து எடுத்தாள். திறந்த உடனே கொத்தளம். சின்னக் கடையில், விலை குறைந்த அந்த ஞாயிறே வாங்கிவிட்டாளாம்.

ஒரே லேப்டாப்பில் மாறி மாறி ஆடலாம். நான் உட்கார்ந்தேன். ஒரு பொத்தானைத் தொட்டேன். என் குதிரைப்படை முழுவதும் ஆற்றில் இறங்கியது. மச்சான் சிரித்தான். மணிமொழி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

“கண்ணாடி எடுத்துகினு வரலியா? நவுருங்க. நீங்க சொல்லுங்க, நான் அமுக்கறேன்.”

கண்ணாடி என் சட்டைப் பையில்தான் இருந்தது. கையால் மூடிக்கொண்டேன். என்னைக் கேட்காமலே அவள் அமுக்கிக்கொண்டே போனாள். முக்கால் மணி நேரத்தில் மச்சான் கோட்டையில் எங்கள் கொடி.

“யக்கா, உண்மைய சொல்லு. அன்னிக்கு சென்டர்ல ஆடினது மாமாவா?”

“மாமாதான்டா பிளான் போட்டாரு,” என்றாள் வயரைச் சுருட்டிக்கொண்டே.

அன்றைக்கு நான் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவளுக்கு வேர்க்கடலை உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

23.10, வெள்ளி

மச்சான் மீசை இல்லாமல் ஷிப்டுக்குப் போனான். இன்று காலை நானும் எடுத்துவிட்டேன். சுரங்கத்தில் பற்றிய தீயைத் தனி ஆளாக அணைத்தபோது கருகிவிட்டது என்று ஸ்டோர்ஸில் சொன்னேன். காலையில் மணிமொழி என் முகத்தைப் பார்த்தாள். தட்டில் இன்னொரு இட்லி வைத்தாள்.

டெண்டர் ஃபைலை எழுதி மூடினேன். கடை: சின்னது. வாங்கியவர்: மணிமொழி. ஆடியவர், 2001-லும் இப்போதும்: மணிமொழி.

சாயந்திரம் வரும்போது வேர்க்கடலை வாங்கி வர வேண்டும்.