படபட எழுதிய ஒரு பக்கம்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், நீயும் மருமகளும் குட்டியும் அங்கே அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். குட்டிக்கு இருமல் நின்றதா? போனில் கேட்டதற்கு 'பரவாயில்லப்பா' என்றாய், அதற்கு நின்றுவிட்டது என்று அர்த்தமா நிற்கவில்லை என்று அர்த்தமா என்று நாங்கள் இரண்டு நாள் வாதாடினோம். குளியலறைக் குழாயை ஒருவழியாக மாற்றியாயிற்று, அதற்கு ஆள் மூன்று தடவை வர வேண்டியிருந்தது. அம்மாவுக்கு மாடி ஏறும்போது மட்டும் முழங்கால் வலி. உன் அக்கா போன ஞாயிறு வந்து எங்கள் இருவரையும் சமமாகத் திட்டிவிட்டுப் போனாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மளிகைச் சீட்டில்கூடப் பிழை பார்க்கிறேன் என்று அம்மா விரட்டியதில், சலவைக்கடை மாடியில் இருக்கிற எழுத்துக்கூடத்துக்கு வாரம் மூன்று மாலை போகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா. இளம் பிள்ளைகள் வருவார்கள், பள்ளிக் கட்டுரையோ வேலை விண்ணப்பமோ கதையோ எதுவானாலும் பக்கத்தில் உட்கார்ந்து உதவ வேண்டும், எங்களுக்குச் சம்பளம் கிடையாது. இரண்டு நீள மேசை, ஒன்றுக்குக் கால் ஆடும், கீழேயிருந்து சோப்பு வாசனையும் இஸ்திரிச் சூடும் ஏறி வரும். நடத்துகிற அம்மாள் முன்பு நூலகர். முதல் நாளே ஒரே ஒரு விதி சொன்னார், 'பேனா பிள்ளைங்க கையிலதான் இருக்கணும் சார், உங்க கைக்கு வரக் கூடாது.' நானும் தலையாட்டினேன். ஆனால் முப்பத்துநாலு வருஷம் அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த கை, நான் போட்ட காற்புள்ளியைக்கூட எவரும் மாற்றியதில்லை, அது சும்மா இருக்குமா?

அங்கே 'படபட' என்று ஒரு பெண், வயது பதினெட்டு, மூச்சு விடாமல் பேசுவாள், அதனால் அந்தப் பெயர், பகலில் மருந்துக்கடையில் வேலை. ஆம்புலன்ஸில் போய் முதலுதவி செய்கிற படிப்பில் சேர ஆசை, ஏன் இந்த வேலை என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும், மறுநாள் கடைசித் தேதி. அவள் எழுதியிருந்தது இதுதான். அவளுடைய அம்மா மூன்றாவது மாடியில் மயங்கி விழுந்திருக்கிறார், லிஃப்ட் கிடையாது, படிக்கட்டு குறுகல். ஆம்புலன்ஸில் வந்தவர் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் கட்டி இறக்கியிருக்கிறார், இறக்கும்போது 'எனக்குக் கணக்கு வராதும்மா, படிய நீங்கதான் எண்ணிச் சொல்லணும்' என்றாராம். அம்மா ஐம்பத்திரண்டு படியையும் எண்ணி முடிக்கிற மும்முரத்தில் பயப்பட மறந்துபோனார். எழுத்துப்பிழை ஒன்பது இருந்தது, வாக்கியம் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது கடவுளுக்குத்தான் தெரியும். நான் பேனாவை வாங்கினேன். படியும் நாற்காலியும் விண்ணப்பத்துக்கு ஒத்துவராது என்று அடித்தேன், 'தன்னலமற்ற சேவையே என் வாழ்வின் குறிக்கோள்' என்று தொடங்கி அரைமணியில் முழுப்பக்கமும் எழுதிக் கொடுத்தேன். படபட அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மகிழ்ச்சியில் வாயடைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பின் இரண்டு வாரம் அவளைக் காணோம். நூலக அம்மாள்தான் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். நேர்காணலில் அந்த முதல் வரியைக் காட்டி 'இதுக்கு ஒரு உதாரணம் சொல்லும்மா' என்றார்களாம், அவ்வளவு பேசுகிற பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாளாம், பட்டியலில் பெயர் வரவில்லை. அம்மாள் திட்டியிருந்தால் தேவலை, அவர் திட்டவில்லை. மறுநாள் மருந்துக்கடைக்கே போய்த் தப்பு என்னுடையது என்று சொன்னேன். 'உன் அம்மா கதையைச் சொல்லியிருக்கலாமே' என்று கேட்டதற்கு, 'அத ஒத்துவராதுன்னு நீங்கதானே சார் அடிச்சீங்க' என்றாள். சரி, அந்தக் கல்லூரிக்கு நானே விளக்கம் எழுதுகிறேன் என்றேன். மாத்திரைப் பெட்டியை அப்படியே கையில் வைத்துக்கொண்டு, 'மறுபடியும் நீங்களே எழுதப் போறீங்களா?' என்றாள். மருந்து வாங்க வந்து நின்ற நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அவளாக மனம் வைத்துத் திரும்ப வந்தாள். மூன்று மாலை உட்கார்ந்தோம், அந்தப் படிக்கட்டுக் கதையையே அவள் மறுபடி எழுதினாள், நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு 'அப்புறம்?' என்று மட்டும் கேட்டேன். சந்தேகம் வந்த சொல்லை அவளே அகராதியில் தேடினாள். கடைசியில் 'போன தடவை கொடுத்த பக்கம் நான் எழுதியது இல்லை, இதுதான் நான் எழுதியது' என்று ஒரு வரி சேர்த்தாள். 'அத எழுதாதம்மா, இருக்கிற வாய்ப்பும் போயிடும்' என்றேன். 'போனா போகட்டும் சார்' என்று கையெழுத்துப் போட்டுக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டாள். பதினோராம் நாள் பதில் வந்தது, மறுபடி வரச் சொல்லி. முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறாள், அவர்களே போதும் என்று நிறுத்தினார்களாம். மாலை வகுப்பில் இடம் கொடுத்துவிட்டார்கள், கடை வேலையும் போகாது. அவள் ஓடிவந்து சொன்ன வேகத்தில் எனக்குப் பாதிதான் புரிந்தது, மீதியை நூலக அம்மாள் சொன்னார்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், 'நம்ம பையனோட கோப்பை ஞாபகம் இருக்கா?' என்றாள். ஏழாம் வகுப்பில் 'என் தெரு' என்று நீ போட்டிக்குக் கட்டுரை எழுதினாய், நான் அதை முழுக்க மாற்றி எழுதினேன், முதல் பரிசு வந்தது. நீ கோப்பையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து 'இது உங்களோடதுப்பா' என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாய். பையனுக்கு என்ன மரியாதை பாருங்கள் என்று ஆபீஸ் முழுக்கப் பெருமையடித்தேன். மக்குப் பிளாஸ்திரி என்பது நான்தான். அந்தக் கட்டுரையில் நான் எழுதிய வரிகளை இன்றைக்கும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நேற்று முழுக்க யோசித்துப் பார்த்தேன், நீ எழுதியிருந்ததில் ஒரு வரிகூட ஞாபகம் வரவில்லை. நம் தெருவைப் பற்றி என்னப்பா எழுதியிருந்தாய்?

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நூறாண்டு இருங்கள், குட்டிக்கு எங்கள் முத்தம். உன் கடைவாய்ப் பல்லை இந்த வாரமே டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பா