கருங்காலி ஊசி

வியாழன், இரவு

பீங்கான் கம்பெனியில் வேலைநிறுத்தம் இன்னும் முடியவில்லை. நான் செதுக்கி விற்கும் குரோஷா ஊசிகளில்தான் வீடு ஓடுகிறது. என் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவரின் மனைவி செல்வி சாயங்காலம் வந்தாள். விரல் வலிக்காமலிருக்கப் பிடியைப் பருமனாக இழைத்த ஊசி ஒன்றைப் பிடித்துப் பார்த்தாள்.

"கைக்கு நல்லா அடங்குதுக்கா. என்னா மரம்?"

"கருங்காலி."

சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் வெடுக்கென்று நிமிர்ந்தார். "யாரச் சொல்ற?"

"ஊசியத்தாங்க."

செல்வி சிரித்தாள். அவர் பாதிச் சோற்றில் எழுந்து வெளியே போய்விட்டார்.

தினமும் சங்கக் கூட்டத்துக்குத்தான் போவதாகச் சொல்கிறார். இப்போது துவைக்க எடுத்த அவர் சட்டையில் கம்பெனியின் வெள்ளைக் களிமண், ஈரம்கூடக் காயாமல்.

நன்றாகக் கசக்கி அலசினேன். கொடியில் போடவில்லை. வீட்டுக்குள்ளேயே காயப்போட்டிருக்கிறேன்.